மேஸ்திரிக்கு வாயில் புண்

என் தம்பிக்கு ஐம்பத்தோரு வயது. முப்பத்தைந்து வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறான். அவனைப் பேச வைக்க ஒரே வழிதான் உண்டு: சரியாகத் துடைக்காத கண்ணாடி ஒன்றை அவன் எதிரில் வைக்க வேண்டும். அப்போது பேசுவான். மற்றபடி கடைக்கு யார் வந்தாலும் "அளவு?" என்பான், "எப்ப?" என்பான், "சரி" என்பான். இதை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது என்பதால் முன்மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் கடல்தான். தம்பி பேசாமல் மிச்சம் வைத்த பேச்செல்லாம் எனக்கு வந்துவிட்டது என்று அவன் பொண்டாட்டி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் ஜன்னலுக்கு யார் அளவு என்று தெரியாமல் கடையை எப்போதோ இழுத்து மூடியிருப்போம்.

கடை என்பது நீளமான ஒரே அறை. முன்னால் என் மேசையும் தொலைபேசியும். நடுவில் கம்பளி விரித்த வெட்டும் மேசை. அதற்குப் பின்னால் மரச்சட்டங்களில் சாய்த்து நிறுத்திய கண்ணாடிகள், கடைசியில் தண்ணீர் ஊற்றி ஓரம் தேய்க்கிற இயந்திரம். தம்பி ஒரு கோடு கிழிப்பான், அடியில் இரண்டு தட்டுத் தட்டுவான், இரண்டு கையாலும் பிடித்து ஒரு அழுத்து அழுத்துவான். பிஸ்கட் உடைகிற மாதிரி நேராகப் பிரியும். பிறகு அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். அதில் ஒரு விரல் ரேகை தெரிந்தால் போதும், அன்றைக்கு எங்கள் யாருக்கும் நிம்மதி கிடையாது. அளவு சொல்ல வந்தவர்களின் மூக்குக் கண்ணாடியைக் கேட்காமலே கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி விடுகிறவன் அவன். முதல் முறை வருகிறவர்கள் மிரண்டு போவார்கள். நான்தான் சமாதானம் சொல்வேன்.

அவன் பொண்டாட்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேனின் பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்ததென்று ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்தவள். மூன்றாவது தடவை தானேதான் உடைத்ததாகக் கல்யாணத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்டாள். அப்போது என் தம்பிக்கு நாற்பத்து மூன்று. உடைத்தாவது ஒருத்தி வந்தாளே என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

மேஸ்திரி வந்த கதை வேறு. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இரண்டு கையாலும் ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் விரிசல் விட்டிருந்தது. உள்ளே ஒரு செங்கல், செங்கல் மேல் ஒரு முழ நீளத்தில் ஏதோ ஒன்று.

"இது என்ன சார், ஓணானா?" என்றேன்.

"ஓணான் ஜாதிதாங்க. பியர்டட் டிராகன்னு சொல்வாங்க. கோவம் வந்தா தாடிய உப்பிக் காட்டும், அவ்வளவுதான். ஒண்ணும் பண்ணாது."

"தொட்டிய வெச்சுட்டுப் போங்க. இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"வீட்ல வேற இடம் இல்லைங்க. வியாழக்கிழமை வந்து ரெண்டையும் வாங்கிக்கிறேன்."

நான் ஒரு ஏமாளி. 'தொட்டி ஒன்று, முன்கண்ணாடி, உள்ளே ஓணான்' என்று எழுதி வாங்கி வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வியாழக்கிழமை வந்தது, அவர் வரவில்லை. அவர் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தால் ஒரு அம்மாள் எடுத்து, அப்படி யாரும் இல்லை என்று முதல் நாள் மரியாதையாகவும் மூன்றாம் நாள் மரியாதை இல்லாமலும் சொன்னார்.

தம்பி முன்கண்ணாடியை மாற்றித் தொட்டியை வெட்டும் மேசைக்கு எதிரில் வைத்தான். அவன் கோடு கிழித்து, தட்டி, உடைத்தான். 'டக்' என்று சத்தம் கேட்டதும் அந்தப் பிராணி செங்கல் மேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான்கு தடவை தலையை ஆட்டியது. தம்பி அதையே பார்த்தான். இன்னொன்று உடைத்தான். இன்னும் நான்கு ஆட்டல்.

"பாஸ் பண்ணிட்டாருக்கா" என்றான். என் தம்பி ஒரு ஜீவனைப் பற்றித் தானாக வாய் திறந்து சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து மேஸ்திரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, மரியாதையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. "மேஸ்திரி சாப்டாரா?" "மேஸ்திரி தூங்கிட்டாரா?" பெற்ற தகப்பனுக்குக்கூட அவன் இவ்வளவு விசாரித்ததில்லை. காலையில் கடையைத் திறந்ததும் எனக்கு வணக்கம் கிடையாது, நேராகத் தொட்டிக்குத்தான் போவான். ஒரு இணையக் கட்டுரையைப் படித்து விளக்கு வாங்கி மாட்டினான். சூடு கொடுக்க ஒரு பல்பு, தொட்டிக்குள் ஒரு மூலையில், கூண்டு போட்டு. வெயிலுக்குப் பதிலாக எரிய நீளமான ஒரு குழல் விளக்கு, மேலே கம்பி வலையின் மீது. வெயில் படாவிட்டால் இந்த ஜாதிக்கு எலும்பு பிடிக்காதாம். இந்த விளக்கில் வெயிலில் இருக்கிற அந்தச் சத்து இருக்கிறதாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது சாப்பாடுதான். கீரை, பூசணித் துண்டு போதாது, உயிரோடு சில்வண்டு வேண்டும். டப்பா டப்பாவாக வந்தது. கம்பி வலையின் மூலையில் இருந்த சந்து வழியாக வாரத்துக்குப் பத்தாவது தப்பித்துவிடும். ஒன்று தொலைபேசிக்கு அடியில் குடியிருந்தது. ஒன்று என் மூக்குக் கண்ணாடிக் கூட்டிலிருந்து குதித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் அதன் பின்பலகைக்கும் நடுவில் புகுந்து வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்விட்டது. அந்த அம்மாள் போன் செய்து, "உங்க கண்ணாடி கத்துதுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"இன்னைக்கே அந்தத் தொட்டிக்கு ஒரு மூடி போடு. ஒரு எறும்புகூட வெளிய வரக்கூடாது. இல்லன்னா அந்த மேஸ்திரி இருக்கட்டும், நான் கிளம்பறேன்" என்றேன்.

தம்பி உடனே வேலையில் இறங்கினான். கடையிலேயே உயர்ந்த ரகத்தை எடுத்தான். சாதாரணக் கண்ணாடியின் ஓரத்தில் பச்சை அடிக்கும், இந்த ரகத்தில் அதுகூட இருக்காது. கை வைத்தால்தான் அங்கே கண்ணாடி இருப்பதே தெரியும். காற்றுக்கு இருபத்து நான்கு துளை போட்டான், ஒவ்வொரு துளையின் விளிம்பையும் மேஸ்திரியின் நகம் சிக்கிவிடக் கூடாதென்று தேய்த்து மழுங்கடித்தான். இரண்டு நாள் வேலை. மூடி மேல் குழல் விளக்கை வைத்துப் போட்டால் உள்ளே வெளிச்சம் துளியும் குறையவில்லை. நான் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்டா பாக்கறதுக்கு லட்சணமா இருக்கு" என்றேன். சில்வண்டுத் தொல்லையும் ஒழிந்தது. பத்து மாதம் நிம்மதியாக இருந்தேன்.

பத்தாவது மாதக் கடைசியில், தொட்டியின் உட்பக்கத்தில், மேஸ்திரியின் முகம் படுகிற உயரத்தில், தினமும் ஒரு கறை விழுந்தது. தம்பி காலையில் துடைப்பான், மறுநாள் காலையில் திரும்ப இருக்கும். பசை மாதிரி, கொஞ்சம் மஞ்சளாக. சிலிக்கான் ஒழுகுகிறதோ என்று இணைப்புகளைத் தடவிப் பார்த்தான். துடைக்கிற திரவத்தை மாற்றினான். ஐந்து நாள் இப்படியே போனது. கறையைக் கண்டால் துடைத்துத்தான் அவனுக்குப் பழக்கம், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆறாவது நாள், துடைத்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி மெதுவாக வந்து அதே இடத்தில் கன்னத்தை வைத்துத் தேய்த்தார். புதுக் கறை விழுந்தது.

"அக்கா, இங்க வா."

போனேன். கீழ் உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வாய் முழுதாக மூடவில்லை. அந்த இடைவெளியில் பல்வரிசை ஓரமாக மஞ்சளாக என்னவோ தெரிந்தது. தாடை ஈரமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் நாலைந்து நாளாகவே டப்பாவில் சில்வண்டு குறையவில்லை. கண்ணாடி உடைகிற சத்தத்துக்குத் தலையாட்டலும் இல்லை. அதை நான் கவனிக்கவே இல்லை.

"எதையாவது கடிச்சு வெச்சிருப்பார். உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொல்லு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு மேஸ்திரியைத் தூக்கித் தன் சட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டான். ஆறடிக் கண்ணாடியைக்கூட அவன் அவ்வளவு பத்திரமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

அவன் பொண்டாட்டிதான் காரியக்காரி. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலி வேனோடு வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் இரண்டு இடத்துக்குப் போன் செய்தாள். "ஊர்வன எல்லாம் பாக்கற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். பதினொரு மணிக்கு வரச் சொல்றாங்க. ஏறுங்க ரெண்டு பேரும்" என்றாள்.

"நான் எதுக்கு? கடைய யாரு பாப்பா?"

"டாக்டர் கேள்வி கேப்பாங்கக்கா. இவர் பதில் சொல்வாருன்னு நினைக்கிறீங்களா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு ஏறினேன். இருபது பிள்ளைகள் உட்கார்கிற வேனில் ஒரு சின்ன இருக்கையில் தம்பி முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் அட்டைப்பெட்டியை வைத்து, அதற்குள் சுடுதண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைத்திருந்தான். மேஸ்திரிக்குக் குளிரக் கூடாதாம்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கையைக் கழுவி, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் மேஸ்திரியைத் தொட்டார். அப்போதே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை உதட்டோரமாக நுழைத்து, அவசரப்படாமல், வாய் தானாக விலகும்வரை காத்திருந்தார். உள்ளே விளக்கடித்துக் காட்டினார். ஈறு முழுக்கச் சிவப்பு, பல்வரிசை ஓரம் முழுக்கத் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மஞ்சள்.

"வாயில தொற்று. நல்லாவே பரவியிருக்கு" என்றார். பிறகு ஒரு விரலால் கீழ்த்தாடையை லேசாக அழுத்தினார். தாடை வளைந்தது. ரப்பர் மாதிரி வளைந்தது. அவர் முகம் மாறியது.

"தாடை எலும்பு மெத்துனு இருக்கு. சுண்ணாம்புச் சத்து ஏறவே இல்ல. எலும்பு பலமில்லாம ஈறு இளகிடுச்சு, அதுலதான் கிருமி புகுந்திருக்கு. வெயில் விளக்கு போட்டிருக்கீங்களா சார்?"

"இருக்கு."

"எத்தனை மாசத்துக்கு ஒரு தடவ மாத்தறீங்க?"

"ஆறு."

"தினம் எவ்வளவு நேரம் எரியுது?"

"பன்னெண்டு மணி நேரம்."

"விளக்குக்கும் இவருக்கும் நடுவுல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல, டாக்டர்."

அவன் பொய் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடமாக, கண்ணாடி இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உழைத்தவன் அவன். அவனுக்கு அந்த இடத்தில் ஒன்றும் இல்லைதான்.

"ஒரு கண்ணாடி மூடி இருக்குங்க, பத்து மாசமா" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதான் விஷயம். வெளிச்சம் கண்ணாடி வழியா வரும்மா. ஆனா இவங்க எலும்புக்கு வேண்டிய கதிர் வராது. கண்ணாடி அதைத் தடுத்துடும். பத்து மாசமா விளக்கு எரிஞ்சும் இவருக்கு வெயிலே கிடைக்கல."

தம்பி நிமிர்ந்தான். "எந்தக் கண்ணாடியா இருந்தாலுமா டாக்டர்? இது சாதாரணக் கண்ணாடி இல்ல. ரொம்பத் தெளிவான ரகம். கொஞ்சம்கூட நிறம் கிடையாது. நானே தேச்சேன்."

"எவ்வளவு தெளிவா இருந்தாலும் சார்."

டாக்டரம்மா மேஸ்திரியின் வாயை மெல்லத் துடைத்து, ஒரு ஊசி போட்டு, எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னார். மூன்று நாளைக்கு ஒரு ஊசி. தினம் இரண்டு வேளை மருந்துத் தண்ணீரில் வாயைக் கழுவ வேண்டும். இரும்பு எதையும் வாயில் வைக்கக் கூடாது, தாடை முறிந்துவிடும். சுண்ணாம்புச் சத்து மருந்து, கூழ் மாதிரிச் சாப்பாடு, நல்ல சூடு. மூடியை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

"பொழச்சுக்குவாரா?" என்று கேட்டது தம்பி பொண்டாட்டி.

"அஞ்சாறு நாள்ல ஈறு நிறம் மாறணும். மாறலன்னா எலும்புக்குள்ள போயிடுச்சுனு அர்த்தம். அப்புறம் கஷ்டம். மாறினா, தானா கடிச்சுச் சாப்பிடற வரைக்கும் பொறுமையா பாத்துக்கணும். மூடி போடணும்னு யாரு சார் சொன்னது?" அவர் சும்மா, எழுதுவதற்காகத்தான் கேட்டார்.

"நான்தான் போட்டேன்" என்றான் தம்பி.

வெட்டியாகப் பேசுவதற்கெல்லாம் முதல் ஆளாக நிற்கிறவள், அந்த ஒரு இடத்தில் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

கடைக்கு வந்ததும் மூடியைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். அவன் பொண்டாட்டி புதுக் கம்பி வலை வாங்கி வந்து மூலைகளை இறுக்கமாக மடித்துப் பொருத்தினாள். சில்வண்டு தப்பிக்கச் சந்தே இல்லை. வலையை ஒழுங்காக மடித்திருந்தால் முதலிலேயே தீர்ந்திருக்கும் விஷயம் அது. எங்கள் இருவருக்கும் கண்ணாடியைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை, அதுதான் எங்கள் கெட்ட காலம்.

அதற்குப் பிறகு தம்பி எதையும் வெட்டவில்லை. ஒரு கண்ணாடியை எடுப்பான், ஜன்னல் பக்கம் பிடிப்பான், பார்ப்பான், கீழே வைத்துவிடுவான். "அப்ப இந்த ஜன்னல் வழியா வர்ற வெயில்லயும் அது இருக்காதா?" என்று என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? கடை வேலை தேங்கிக்கொண்டே போனது. வந்தவர்களுக்கெல்லாம், கடையில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். யாருக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, வெட்டும் மேசையின் கம்பளி மேல் துண்டை விரிப்பான். பழுப்பு மருந்தைத் தண்ணீரில் விட்டு, இளம் தேநீர் நிறம் வரும்வரை கலப்பான். பஞ்சுக் குச்சியை நனைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மேஸ்திரியைப் பிடித்து, அட்டையை நுழைக்க வேண்டும். மூன்று கை வேண்டிய வேலை. அவன் பொண்டாட்டி வேனில் போய்விட்ட நேரங்களில் தனியாகத் தடுமாறுவான். நான் நாலடி தள்ளி நின்று, "பாத்துடா, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நான்கு வருடத்தில் நான் மேஸ்திரியைத் தொட்டதே இல்லை. நினைத்தாலே உடம்பு கூசும்.

நான்காம் நாள் காலையில் மேஸ்திரி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தாடி கறுத்திருந்தது. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குகிறதா என்று தம்பி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"டேய், மூடி போடச் சொன்னது நான். அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப நீ ஏன் சொல்லல? என் மூஞ்சிக்காகவா?"

அவன் நிமிரவில்லை. "நீ மூடின்னுதான் சொன்ன. கண்ணாடின்னு முடிவு பண்ணது நான்."

"நான் கத்தலன்னா நீ போட்டிருக்க மாட்ட."

"போட்டிருப்பேன். வலைய எனக்கும் புடிக்கல. அழகாவே இல்ல அது." பஞ்சுக் குச்சியை நனைத்தான். "அக்கா, அழாம இங்க வந்து புடிக்கிறியா? எனக்குக் கை பத்தல."

அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். நான் நினைத்த மாதிரி ஈரமாகவோ வழவழவென்றோ இல்லை. காய்ந்த கயிற்றுச் சுருள் மாதிரி இருந்தது, லேசாகச் சூடாக. என் உள்ளங்கையில் அந்த நெஞ்சு துடிப்பது தெரிந்தது. பிடி தளர்ந்தால் நழுவிவிடும், இறுக்கினால் நசுங்கிவிடும் என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி கழுவி முடித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் பூசணிக் கூழை எடுத்து உதட்டோரம் ஒரு சொட்டு விட்டான். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இளஞ்சிவப்பாக ஒரு நாக்கு வெளியே வந்து அந்தச் சொட்டை நக்கியது. எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு பிடிக்கிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆறாம் நாள், அடுத்த ஊசிக்காக, மறுபடி வேனில் போனோம். டாக்டரம்மா அட்டையை நுழைத்து, விளக்கடித்து, பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"சிவப்பு குறைஞ்சிருக்கு. மஞ்சளும் பாதிதான் இருக்கு" என்றார். "எலும்புக்குள்ள போகல. இவர் வந்துடுவார்."

தம்பி எழுந்து போய், டாக்டரம்மாவின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டான். அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். "நன்றி சொல்றாருங்க" என்றேன். அவன் பொண்டாட்டி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள்.

வீங்கிய உதடு நாளுக்கு நாள் வடிந்தது. மூன்று வாரத்தில் வாய் முழுதாக மூடியது, கறை விழுவது நின்றது, தாடி பழைய நிறத்துக்கு வந்தது. தம்பி பழையபடி கண்ணாடி வெட்ட ஆரம்பித்தான். தேங்கிய வேலையெல்லாம் ஓடியது. ஆனால் மேஸ்திரி எதையும் கடிக்கவில்லை. கூழ் விட்டால் நக்குவார். சில்வண்டை எதிரில் விட்டால் பார்ப்பார், அது அவர் மூக்கு மேலேயே ஏறிப் போகும், சும்மா இருப்பார். பூசணித் துண்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடித்தால் வலிக்கும் என்று பயமா, அல்லது தாடைக்குப் பலமே வரவில்லையா, தெரியவில்லை. "கூழ் மட்டும் குடிச்சுட்டு ரொம்ப நாள் தள்ள முடியாது. பொறுமையா இருங்க" என்று டாக்டரம்மா போனில் சொன்னார். பொறுமை என்று சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிடலாம். தம்பி திரும்பவும் மௌனமாகிவிட்டான், பழைய மௌனத்தைவிடக் கனமாக. இரண்டு வேளையும் பூசணித் துண்டை நீட்டுவான், இரண்டு வேளையும் திரும்ப எடுத்து வைப்பான். இப்போது என்னோடு சண்டை போட்டாலாவது தேவலை என்றிருந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு மத்தியானம். தம்பி பின்னால் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தான், இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நான் மேசையில் பூசணித் துண்டை இன்னும் சின்னதாக நறுக்கி, கையோடு எடுத்துப் போய்த் தொட்டிக்குள் நீட்டினேன்.

"சாப்பிடுங்க மேஸ்திரி. உங்கள நம்பி ஒருத்தன் பேச்ச நிறுத்திட்டான். நானே பேசிப் பேசி எனக்கே என்னைப் புடிக்கல. ஒரே ஒரு கடி கடிச்சா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

மேஸ்திரி செங்கல் மேலிருந்து என்னைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, பாய்ந்தார். துண்டு கீழே விழுந்தது. அவர் பிடித்தது பூசணிச்சாறு ஒட்டியிருந்த என் ஆள்காட்டி விரலை.

நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இயந்திரம் நின்றது. கண்ணாடிதான் வெட்டிவிட்டது என்று நினைத்துத் தம்பி ஈரக் கையோடு, முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வந்து பார்த்தால் நான் கையைத் தொட்டிக்குள் விட்டபடி அலறிக்கொண்டிருக்கிறேன், மேஸ்திரி என் விரலைக் கவ்வியபடி விடாமல் தொங்குகிறார்.

"எடுடா! எடுடா இவர!"

எடுக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"அக்கா! விடவே மாட்டேங்கறார் பாரு! எப்படி அழுத்தறார் பாரு! தாடை வளையுதா? வளையலக்கா! கொஞ்சம்கூட வளையல!"

"என் விரல்டா அது!"

"இருக்கா, ஒரு நிமிஷம் இரு. இழுக்காத, பல்லு கழண்டுடும்."

மேஸ்திரி தாமாகத்தான் விட்டார். விட்டுவிட்டு, கீழே கிடந்த பூசணித் துண்டைக் கவ்வி, இரண்டு தடவை மென்று விழுங்கினார். அதன் பிறகு இன்னொன்று. நான் விரலைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வரிசையாகப் பல் தடம், நாலைந்து இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. நன்றாகவே வலித்தது. தம்பி என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். "கடிச்சுட்டார் டாக்டர்! எங்க அக்காவ! ரத்தம் வர அளவுக்கு! ஆமா டாக்டர், நல்ல ஆழம்! மேல் பல்லு, கீழ்ப் பல்லு, ரெண்டுமே பதிஞ்சிருக்கு!" என்று கடை அதிரக் கத்தினான். மறுமுனையில் அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது. சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாராம், அதை அவன் எனக்குச் சொன்னது நாலு நிமிடம் கழித்து.

நானே போய்க் கழுவிக்கொண்டேன். நானே மருந்தும் போட்டுக்கொண்டேன். கட்டு கட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது தம்பி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றான். தயங்கினான். என்னவோ கேட்க வெட்கப்படுகிற மாதிரி இருந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. கடிக்கும்போது வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு டாக்டர் சொன்னாங்க. தாடை எப்படி அசையுதுன்னு பாக்கணுமாம்."

"பூசணிய வெச்சு எடு."

"பூசணிக்கு இவ்வளவு வாயத் திறக்கலக்கா. உன் விரலுக்குத்தான் நல்லா திறந்தார்."

நான் அவனை முறைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே போய், தொட்டி வலையைத் தூக்கி, இன்னொரு கையின் விரலில் பூசணிச்சாற்றைத் தடவிக்கொண்டு நீட்டினேன்.